சாவுப்பறையும் உயிர்த்த ஞாயிறும்

ஊரில் ஒரு சாவு விழுந்தால் அதை முதலில் சொல்வது பறை. கைபேசி வந்த பிறகும் இது முழுக்க மாறிவிடவில்லை. வயலில் வேலையாக இருப்பவர் முதுகை நிமிர்த்திக் காது கொடுப்பார். அடியைக் கேட்டதுமே அது சாமி புறப்பாட்டுக்கானதா, எழவு வீட்டுக்கானதா என்று தெரிந்துவிடும். அதற்குமேல் கேட்க வேண்டியது ‘யாரு?’ என்பது ஒன்றுதான். இறந்தவர் கிறிஸ்தவராக இருந்தாலும் வட மாவட்டச் சேரிகள் பலவற்றில் பறை வரும். வீட்டு வாசலில் ஒலிக்கும். தெரு நெடுக பெட்டிக்கு முன்னால் ஆடிக்கொண்டு போகும். கோயில் மதிலை நெருங்கும்போது யாரும் சொல்லாமலே குச்சிகள் இறங்கிவிடும். உள்ளே பாமாலை தொடங்கும். அடக்க ஆராதனை முடியும்வரை பறைக்காரர்கள் வெளியே நிழல் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

சிறுவயது முதல் பார்த்துவந்ததால் அந்த நிறுத்தம் எனக்கு நெடுநாள் இயல்பாகவே இருந்தது. கொஞ்சம் இறையியல் படிக்கத் தொடங்கிய பிறகு உறுத்த ஆரம்பித்தது. அப்பத்தையும் பாத்திரத்தையும் பகிரும்போதெல்லாம் ஆண்டவருடைய மரணத்தை அறிவிக்கிறீர்கள் என்ற பொருளில் பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சபை செய்துவருவது அந்த அறிவிப்பைத்தான். அதன் சின்னமே ஒரு கொலைக்கருவி. அப்படிப்பட்ட சபை, ‘அது சாவுக்கு அடிப்பது, ஆராதனைக்கு ஆகாது’ என்று எந்தக் கருவியைப் பற்றியாவது சொல்ல முடியுமா? சாவை ஊருக்குச் சொல்லும் கருவி ஒன்று இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது. சாவைச் சொல்லும் நற்செய்தியும் வந்து சேர்ந்தது. இரண்டும் மதிலின் இருபுறமும் நின்றுவிட்டன.

பறையைச் செய்வதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. வேம்பு போன்ற உறுதியான மரத்தில் வளைவாகச் செதுக்கிய துண்டுகளை இணைத்து வட்டச் சட்டம் ஆக்குகிறார்கள். பதப்படுத்திய மாட்டுத்தோலை ஈரத்தோடு இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயவிடுகிறார்கள். ஒரு முகம்தான் உண்டு. பின்புறம் திறந்தே இருக்கும். தோளில் மாட்டிக்கொண்டு ஒரு கையில் மெல்லிய நீளமான சிம்புக் குச்சியும் மறு கையில் குட்டையான அடிக்குச்சியும் பிடித்து வாசிப்பார்கள். வாசிப்பதற்கு முன் வைக்கோலையோ காய்ந்த ஓலையையோ கொளுத்தித் தோலைக் காய்ச்ச வேண்டும். சூடேறி விறைத்தால்தான் தோலுக்குக் குரல் வரும். பனி இறங்கும் இரவில் அடிக்கொரு தரம் நெருப்பைத் தேடிப் போக வேண்டியிருக்கும். நெருப்பு அருகில் இல்லாத பறை ஊமை.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வம், உணவு, மரம் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்து வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பின்னால் வந்த இலக்கணங்களும் உரைகளும் பெயர் சொல்கின்றன. கதிர் அறுக்கவும் மீன் பிடிக்கவும் ஒலித்த கருவி, சாவுக்கென்றே பிறந்ததாக நினைக்கப்படும் நிலைக்குத் தள்ளப்பட்டது சாதியால். செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையையும் எழவு சொல்லும் வேலையையும் ஒரே மக்கள்மேல் சுமத்தி, பிறகு அந்த வேலையைக் காட்டியே அவர்களைத் தீட்டு என்றது சமூகம். கருவியும் அவர்களோடு சேரிக்குப் போனது.

பாட்டுக்கு இந்தக் கதி நேரவில்லை. மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய ஆண்டு 1706. அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளை மெட்டு மாறாமல் தமிழில் ஆக்கினார்கள். இந்த மண்ணின் இசை சபைக்குள் பெரிய அளவில் நுழைந்தது தஞ்சாவூரில், வேதநாயக சாஸ்திரியார் வழியாக. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் தஞ்சையில் வளர்ந்து, சரபோஜி மன்னரின் ஆதரவையும் பெற்றவர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அவர் கட்டிய கீர்த்தனைகளும் பெத்லகேம் குறவஞ்சியும் இல்லாமல் தமிழ்க் கிறிஸ்தவத்தை நினைத்துப் பார்க்க முடியாது. எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் என்றாலே அவருடைய மெட்டுகள்தான். அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. அதனாலேயே அடுத்ததைச் சொல்லாமல் தாண்டிப்போக முடியவில்லை.

1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள் தமிழ் இசையையும் திருவிழாப் பூக்களையும் கோயிலைவிட்டு அகற்றப் பார்த்தார்கள். சாஸ்திரியார் கொதித்தெழுந்தார். அதே மிஷனரிகள் எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் பருக வேண்டும் என்றும் சொன்னார்கள். சாஸ்திரியார் அதற்கும் சேர்த்தே கொதித்தார். அவருடைய மனுக்களில் இரண்டும் ஒரே அநியாயத்தின் இரு பக்கங்கள். கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். கத்தோலிக்கர் நிலையும் வேறாக இல்லை. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில் சாதிக்கொரு கிளையாக இரண்டாகப் பிரிந்து பீடத்தில் மட்டும் சேரும்படி கட்டப்பட்டது. நடுவிலிருந்த சுவர் இடிந்தது 1910இல்தான்.

ஆக, சாதிச் சுவரை இடிக்க வந்தவர்களுக்கு இந்த மண்ணின் இசை காதில் ஏறவில்லை. இசையைக் காக்க நின்றவர்களுக்குச் சுவர் உறுத்தவில்லை. பறைக்காரருக்காகப் பேச இந்த இரண்டு தரப்பிலும் ஆள் கிடையாது. அவர்களோடு உட்கார வேண்டும் என்று சொன்ன வெள்ளைக்காரர், அவர்கள் கையிலிருந்ததைப் பேய்க்கூத்து என்று நினைத்தார். தமிழ் இசை தெய்வீகம் என்று சொன்ன தமிழர், அவர்கள் வாசித்ததை இசை என்றே எண்ணவில்லை. தமிழ்ச் சபையின் இசை வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்.

மாட்டுத்தோல்தான் தடை என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. கீர்த்தனைக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்காரும் மிருதங்கத்தில் பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் இருக்கின்றன. பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூல், மிருதங்கம் செய்பவர்களின் வரலாற்றைச் சொல்கிறது. தஞ்சையைச் சேர்ந்த செபாஸ்டியனின் வழிவந்த குடும்பத்தார் தலித் கிறிஸ்தவர்கள். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் நாதம் என்று ரசிகர்கள் உருகிய நாதத்துக்குப் பின்னால் அக்குடும்பத்துப் பர்லாந்து என்ற கைவினைஞரின் காதும் விரலும் இருந்தன. தோலைத் தேர்ந்தெடுப்பதும் வெட்டுவதும் வார் இழுப்பதும் ஒரு கை. வாசிப்பது வேறு கை. இரண்டாவது கை எது என்பதைப் பொறுத்து முதல் கை மறக்கப்பட்டது. தோலின் தீட்டு தீர்ந்துவிட்டது. பறையில் செய்யும் கையும் வாசிக்கும் கையும் ஒரே சேரியைச் சேர்ந்தவை. மறைக்க ஒரு திரையும் அங்கே இல்லை.

பறையை வெளியே நிறுத்தியது மேல்சாதிக் கிறிஸ்தவரும் மிஷனரியும் மட்டும் என்று எழுதிவிட்டால் கதை சுலபமாகிவிடும். உண்மை அதைவிடக் கடினமானது. கல்லூரி நாட்களில் வீதி நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து கொஞ்சம் பறை பழகினேன். விடுமுறைக்கு வந்தபோது பெருமையோடு அதை வீட்டுக்கு எடுத்துவந்தேன். திண்ணையில் இருந்த தாத்தா அதை வெகுநேரம் பார்த்தார்.

“இது யாருக்கு?”

“எனக்குத்தான் தாத்தா. நம்ம சொத்துதானே இது.”

“சொத்தா? அத தொடாம இருக்கறதுக்குத்தான்டா எங்கப்பா ஞானஸ்நானமே எடுத்தாரு.”

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு விவரத்தைத் தெரிவிப்பதுபோலச் சொன்னார். அவர் தகப்பனார் காலத்தில் பறை ஒரு கட்டளை. ஊரிலிருந்து ஆள் வந்தால் காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து போக வேண்டும். கூலி நெல்லாகவோ எச்சில் சோறாகவோ வரும். சில நேரம் வராது. ‘இன்றைக்கு வர முடியாது’ என்று சொல்லும் உரிமை மட்டும் எந்த நாளும் இல்லை. 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போதும் அதன் பிறகும் சேரி சேரியாக மக்கள் சபையில் சேர்ந்தார்கள். உபதேசியார் ஒருவர் வருவார், ஓலைக்கூரை போட்ட பள்ளிக்கூடம் எழும், பறை இறங்கும். பலருக்கு அந்த இறக்கம்தான் முதல் விசுவாச அறிக்கை. கிறிஸ்தவத்துக்கு வெளியேயும் இதே குரல் எழுந்தது. தென்னார்க்காட்டில் தலித் தலைவர் எல். இளையபெருமாள் பறையடிக்கும் இழிவையும் செத்த மாடு தூக்கும் இழிவையும் மறுக்கச் சொல்லி ஊர் ஊராக நின்றார். அந்த மறுப்புக்காக அடிபட்டவர்களும் ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களும் உண்டு. பறையைப் பண்பாடு என்று இன்று மேடையில் கொண்டாடும் யாரும் அந்த மனிதர்களைத் தாண்டிக்கொண்டு போகக் கூடாது என்று நினைக்கிறேன். கீழே வைத்தவர்களுக்கு விடுதலை என்றால் என்ன என்று நன்றாகவே தெரிந்திருந்தது.

அப்படியானால் மதுரை அரசரடியில் நடந்ததை எப்படிப் புரிந்துகொள்வது? தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969இல் அங்கே தொடங்கியது. அங்கே ஆசிரியராக இருந்தவர் தியோபிலஸ் அப்பாவு. மாணவர்களுக்கும் ஊர் மக்களுக்கும் அவர் பரட்டை அண்ணன். 1940இல் பிறந்து 2005இல் மறைந்தார். கர்நாடக இசை அறிந்தவர். அதைத் தெரிந்தே ஒதுக்கிவைத்துவிட்டு கும்மிக்கும் ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் போனார். அவருடைய கிராமிய இசை வழிபாட்டில் கடவுளைத் தகப்பனாக மட்டும் கூப்பிடாமல் பெற்றெடுத்தவராகக் கூப்பிட முடிந்தது. தோத்திரப் பாட்டு மேசைத் தமிழைவிட்டு வாசல்படித் தமிழுக்கு இறங்கியது. பறையும் அந்த வழிபாட்டுக்குள் வந்தது.

அப்பாவு சொன்னவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. கீர்த்தனையைப் பாடத் தேர்ச்சி வேண்டும்; பிசகினால் தவறு. கிராமத்துப் பாட்டைப் பாடுபவர் மாற்றலாம், சேர்க்கலாம், தன் ஊர் வழக்குக்கு வளைக்கலாம். பாடுபவரே படைப்பவராகவும் ஆகிவிடுகிறார். தன் பாட்டை வேறொரு ஊரில் மெட்டு மாறிப் பாடக் கேட்டால் அப்பாவு மகிழ்வார். எழுத்து மறுக்கப்பட்ட மக்களிடம் இறையியலை எழுத்தில் மட்டும் கொடுத்தால் அது மீண்டும் கையேந்த வைப்பதுதான் என்பது அவர் எண்ணம். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் ஒன்றாக உண்பதை அவர் பாட்டிலும் பேச்சிலும் விடாமல் சொல்லிவந்தார். திருவிருந்தை அவர் புரிந்துகொண்டது அப்படித்தான். சேர்ந்து உண்ணாதவர்கள் சேர்ந்து பாடுவதில் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. பாட்டையும் பந்தியையும் பிரிக்காமல் பார்த்த அந்தப் பார்வை சாஸ்திரியாருக்கும் கிட்டவில்லை, அவரை எதிர்த்த மிஷனரிகளுக்கும் கிட்டவில்லை.

இறையியலாளர் சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். வேதத்தைக் கேட்கவும் கூடாது என்று விலக்கப்பட்ட மக்கள் தங்கள் தெய்வ அனுபவத்தைப் பறையில் பதிந்துவைத்தார்கள் என்றும், அவர்களுக்குப் பறையே மறைநூலாக இருந்தது என்றும் வாதிடுகிறார். கிறிஸ்துவையே பறையாகக் காணலாம் என்பது அவர் துணிவு. படித்தபோது உடல் சிலிர்த்தது. தட்டப்பட்டு, அடிபட்டு, அந்த அடியையே அழைப்பாக மாற்றும் ஒன்றைப் பார்த்துச் சிலுவையை நினைப்பதில் செயற்கை எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு தயக்கம் எனக்கு உண்டு. குறியீடாக உயர்த்தப்படும் பொருளை ஒருநாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். பறையின் மேல் இறையியல் எழுதப்பட்ட ஆண்டுகளிலும் யாரோ ஒருவர் மழையில் நனைந்தபடி ஊர்த்தெரு எழவில் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

கிளார்க்கின் துணிவு புதுமை என்று நினைப்பவர்கள் எத்தியோப்பியாவைப் பார்க்கலாம். அங்குள்ள பழம்பெரும் சபையின் இசை ஆறாம் நூற்றாண்டின் புனித யாரேத் வகுத்ததாக மரபு. கெபெரோ என்ற இருமுக முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெண்ணிற ஆடை அணிந்த தப்தராக்கள் என்ற பாடகர்கள் ஊன்றுகோலை அசைத்து, சிலம்பைக் குலுக்கி, மெல்ல முன்னும் பின்னும் அசைந்து துதிப்பார்கள். முரசின் பெரிய முகம் கிறிஸ்துவின் தெய்வத்தன்மை, சிறிய முகம் அவருடைய மனிதத்தன்மை என்றும், உடலைச் சுற்றி இறுக்கிய தோல்வார்கள் சாட்டையடியின் தழும்புகள் என்றும் அவர்கள் விளக்கம் சொல்வார்கள். பெருநோன்பில் கெபெரோ ஓய்ந்திருக்கும். ஊன்றுகோல் மட்டும் தாளம் காக்கும். இயேசுவின் திருமுழுக்கைக் கொண்டாடும் திம்கெத் திருநாளில் ஊரே நீர்நிலைக்குத் திரளும்போது முரசு வானைத் தொடும். முரசு கிறிஸ்துவின் உடல் என்பது அங்கே பேராசிரியர் யாரும் கண்டுபிடித்ததன்று. ஊர்ப் பாட்டிக்குத் தெரிந்த செய்தி.

ரோமாபுரி வேறு வழியில் போயிற்று. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903 நவம்பர் 22 அன்று வெளியிட்ட ஆணையில் பியானோவோடு முரசு, கைத்தாளம் போன்ற சத்தமான கருவிகளையும் கோயிலுக்குள் தடை செய்தார். அறுபது ஆண்டுகள் கழிந்து, 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு ஆர்கனுக்கு முதல் மரியாதை தந்துவிட்டு, அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய இடம் வேண்டும் என்றது. கதவு சட்டப்படி திறந்தது. தமிழ்நாட்டில் அந்தக் கதவு வழியே முதலில் வந்தவை ஆர்மோனியமும் தபேலாவும் டோலக்கும்.

முரசைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் தென்கிழக்குக் கரை சாட்சி. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் முரசொலியோடு கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே முரசும் கொம்பும் வைத்திருப்பதற்குச் சட்டம் தடை போட்டது. ஒலி அங்கே சாகவில்லை. கை தட்டலுக்கும் பாதத்துக்கும் இறங்கிற்று. சிறு ஜெப வீடுகளின் மரத்தரையில் ஒருவர் துடைப்பக் கம்பால் தட்ட, மற்றவர்கள் வட்டமாக, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், காலைத் தரையைவிட்டுத் தூக்காமலும் ஒன்றன்மேல் ஒன்று போடாமலும் நகர்ந்து துதித்தார்கள். காலைப் பின்னினால் அது நடனம், பாவம் என்பது சபையின் எண்ணம். அந்த விதியைக் கடைப்பிடித்துக்கொண்டே விடிய விடியச் சுற்றினார்கள். எஜமானால் அவர்களுடைய கால்களைப் பறிமுதல் செய்ய முடியவில்லை.

தாளம் மாம்சத்தைக் கிளப்பும், ஆவியை அடக்கும் என்ற பிரசங்கத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். வார்த்தை மாம்சமானது என்று ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வாசிக்கும் மேடையிலிருந்தே அது வருகிறது. தாளம் உடலைத் தொடுகிறது என்பது உண்மைதான். பறையின் முதல் சுற்று முடிவதற்குள் குதிகால் தானாக எழும். மூச்சின் நீளம் மாறும். பக்கத்தில் நிற்பவரின் தோளும் நம் தோளும் ஒரே நேரத்தில் இறங்கும். விசுவாசப் பிரமாணத்தை ஐம்பது பேர் சேர்ந்து சொன்னாலும் ஆளுக்கொரு வேகத்தில் சொல்வார்கள். அடி விழுந்தால் ஐம்பது உடலும் ஒரு கணத்தில் சேரும். சபை என்பது ஓர் உடல் என்று பவுல் எழுதியதை நான் உடலால் புரிந்துகொண்டது அப்படித்தான். துக்கத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். எழவு வீட்டில் அழ முடியாமல் விறைத்து நிற்பவரைப் பறை அழவைத்துவிடும். ஆறுதல் சொல்ல வந்த எங்கள் வாய்கள் செய்ய முடியாததை அந்தத் தோல் செய்வதைக் கண்டிருக்கிறேன்.

மாம்சத்தைக் கிளப்பும் என்ற அச்சம் எல்லாத் தாளத்துக்கும் பொதுவாகவும் இல்லை. இன்று சிறு நகரத்துச் சபைகளிலும் கீபோர்டு இருக்கிறது, டிரம் பேட் இருக்கிறது, பெந்தெகொஸ்தே சபைகளில் முழு டிரம் செட்டே இருக்கிறது. ஒலிபெருக்கி நெஞ்சுக்கூட்டை அதிர வைக்கிறது. அதே பிரசங்கியார் அதற்குக் கை தட்டுகிறார். தாளம் உள்ளே வந்தாயிற்று. பறையை மட்டும் குருத்தோலை ஞாயிற்றுப் பவனிக்கோ தேர்த் திருவிழாவுக்கோ வாடகைக்கு அழைக்கிறார்கள். தெருவில் வாசிக்க வைத்து, வாசல் வந்ததும் கூலியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். தாத்தாவின் தகப்பனார் எதை உதறிவிட்டு வந்தாரோ அதையே கோயில் இப்போது செய்கிறது.

பெண்கள் பறை எடுத்தது இந்தக் கதையில் பெரிய திருப்பம். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா என்ற கத்தோலிக்கத் துறவி உருவாக்கிய சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறை பழகி ஆடுகிறார்கள். ஊரும் சாதியும் தொடாதே என்றன, ஆண்களும் உனக்கில்லை என்றார்கள். அந்தப் பெண்கள் இரண்டையும் மீறிக் காலை அகல வைத்து நின்று வாசிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மோசேயின் சகோதரி மிரியாம் நினைவுக்கு வருவாள். செங்கடலைக் கடந்ததும் அவள் கையில் எடுத்ததும், அவளைத் தொடர்ந்து பெண்கள் எடுத்ததும் தோல் போர்த்திய வட்டச் சட்டக் கருவிதான். யெப்தாவின் மகள் தகப்பனை எதிர்கொண்டு வந்ததும், சவுலையும் தாவீதையும் பெண்கள் வரவேற்றதும் அதே கருவியோடு. வட்டக் கருவியை மார்போடு அணைத்து நிற்கும் பெண்களின் சிறு சுடுமண் உருவங்கள் அந்த நிலத்து அகழாய்வுகளிலும் கிடைத்திருக்கின்றன. அடிமை வீட்டிலிருந்து வெளியே வந்தவர்கள் முதலில் செய்த ஆராதனை தோல்கருவியில் தொடங்கியது. எகிப்தில் அந்தப் பெண்கள் யாருக்காக வாசித்திருப்பார்களோ தெரியாது. கரையேறிய பிறகு யாரும் ஏவாமல் வாசித்தார்கள்.

இந்த வேறுபாடு தெரிந்த பிறகுதான் தாத்தாவும் அப்பாவுவும் எனக்குள் சண்டையை நிறுத்தினார்கள். ஒருவர் ஏவலுக்கு அடிக்க மறுத்தார். மற்றவர் ஏவலின்றி அடிக்கச் சொன்னார். முதலாமவர் மறுத்திருக்காவிட்டால் இரண்டாமவர் சொன்னது நடந்திருக்காது.

ஆராதனையில் பறைக்குரிய இடம் எது என்று என்னைக் கேட்டால் கிறிஸ்மஸ் விழாவையோ அறுப்பின் பண்டிகையையோ முதலில் சொல்ல மாட்டேன். கத்தோலிக்கக் கோயில்களில் பெரிய வியாழன் மாலைக்குப் பிறகு மணிகள் ஓய்ந்துவிடும். மணிக்குப் பதிலாக மரக்கட்டைகளைத் தட்டுவார்கள். அந்த வறண்ட ஒலி பெரிய வெள்ளி முழுதும் இருக்கும். எங்கள் பக்கத்துச் சபைகளில் அன்று பகலில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்போம். ஆறாம் வார்த்தைக்குப் பின், ஏழாம் வார்த்தைக்குப் பின், அவர் தலை சாய்ந்தார் என்று வாசித்த பின், அங்கே சாவு அடி ஒலிக்க வேண்டும். ஊர் எல்லைக்கு வெளியே, தீட்டான இடத்தில், குற்றவாளிகளோடு கொல்லப்பட்டவரின் சாவை இந்த ஊருக்குப் புரியும்படி சொல்ல அதைவிடச் சரியான குரல் தமிழில் கிடையாது. ஆர்கனில் சோகமான சுரம் வாசிக்கலாம். வயலில் நிற்பவர் நிமிர்ந்து ‘யாரு?’ என்று கேட்க மாட்டார்.

பாஸ்கா இரவில் கோயிலுக்கு வெளியே இருட்டில் புது நெருப்பு மூட்டுவார்கள். அதிலிருந்துதான் பாஸ்காத் திரியைக் கொளுத்தி உள்ளே எடுத்துப்போவார்கள். பறைக்கும் நெருப்பு வேண்டும், அதுவும் வெளியேதான் வேண்டும். அந்த நெருப்பிலேயே தோலைக் காய்ச்சி, திரிக்குப் பின்னால் பறையும் உள்ளே நடக்கலாம். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் முடிந்து மணிகள் மீண்டும் ஒலிக்கும்போது அவற்றோடு சேர்ந்து வெடிக்கலாம். முந்தின நாள் சாவு சொன்ன அதே தோல் உயிர்ப்பைச் சொல்லட்டும். சட்டமோ வத்திக்கான் சங்கத்தின் திரட்டோ இதைத் தடுக்கவில்லை. பங்குப் பேரவைகளும் சபைக் கமிட்டிகளும் உட்கார்ந்து முடிவெடுத்தால் அடுத்த ஆண்டே நடக்கும்.

முடிவெடுக்கும் அந்தக் கூட்டத்தில் பறை வாசிக்கிறவரும் உறுப்பினராக உட்கார வேண்டும். அன்றிரவு வாசித்து முடித்ததும் அவர் குச்சிகளை வைத்துவிட்டு அப்பத்துக்கான வரிசையில் மற்றவர்களுக்கு நடுவே நிற்க வேண்டும். அவர் குடும்பத்தில் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் புதைக்கப்படும் கல்லறைத் தோட்டத்திலேயே அவரும் அடக்கம் செய்யப்பட வேண்டும். இத்தனைக்கும் பிறகு அவர், தன் பாட்டன் கீழே வைத்ததைத் தான் எடுக்க விரும்பவில்லை என்று சொன்னால், பாஸ்கா பறை இல்லாமல் நடக்கட்டும்.